தரைத் தீவுகளும் கடல் தீவுகளும்

மதுரையில் கூடல்நகர் ரயில் நிலையத்தை ஒட்டிய பகுதி ஆனையூர். தனி நகராட்சியாக இருந்து 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. கண்மாய்த் தண்ணீரில் நெல் விளைந்த நிலம் வீட்டுமனைகளாகிவிட்டது. இருந்தாலும் இங்கே உயரமான ஒரு மொட்டை மாடியில் ஏறினால் வட்டாரத்தின் நில அமைப்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கிழக்கே யானைமலை, வடகிழக்கே அழகர் மலை, வடமேற்கே சிறுமலை, தென்மேற்கே நாகமலை. இடைப்பட்ட சமவெளியில் வீடு, சாலை, வயல், செங்கல் சூளை.

ஊர்க்காரர்களுக்கு இவை சாமி மலைகள், சமணர் மலைகள், ஆடு மேய்க்கப் போகும் மலைகள். உயிரியல் படித்தவர் பார்த்தால் இவற்றைத் தீவுகள் என்பார். அழகர் மலைக் காட்டில் தேவாங்கு வாழ்கிறது. தாவத் தெரியாத சிறு விலங்கு அது. கிளையைப் பிடித்துக் கிளைக்கு நகர்ந்துதான் இரை தேடும். ஒரு மலைக் காட்டுக்கும் அடுத்த மலைக் காட்டுக்கும் நடுவே மரத்தொடர்ச்சி அறுந்துவிட்டால், அந்த இடைவெளி அதற்குக் கடல்தான்.

தீவுகளில் எந்த உயிர் வாழும், எது அழியும் என்பதைத் தீர்மானிப்பது எது? 1967-இல் ராபர்ட் மக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் இதற்கு ஓர் எளிய கணக்கைச் சொன்னார்கள். தீவு பெரிதானால் இனங்கள் அதிகம். பெருநிலத்துக்கு அருகில் இருந்தால் இன்னும் அதிகம். அந்தக் கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஆனால் இன்றைய பரப்பளவையும் தூரத்தையும் மட்டும் வைத்துக் கணக்கை முடிக்க முடியாது. பனியுகத்தில் அந்தத் தீவு எப்படி இருந்தது, மனிதர் வந்த பிறகு என்ன செய்தார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வேண்டும். அந்த விடைகளைத் தேடித்தான் ஆனையூரிலிருந்து புறப்பட்டேன். முதலில் அரிட்டாபட்டி, பிறகு ராமேஸ்வரம் ரயிலில் பாம்பன், அங்கிருந்து மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு, கடைசியாகத் தூத்துக்குடி.

அரிட்டாபட்டி மேலூருக்குப் போகும் வழியில் உள்ளடங்கிய ஊர். ஏழு குன்றுகள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், தமிழி எழுத்துக் கல்வெட்டு, சமணர் படுகை எல்லாம் அந்தப் பாறைகளில்தான். பாறை இடுக்குகளில் லகர் வல்லூறு கூடு கட்டுகிறது. எறும்புதின்னி, மலைப்பாம்பு, தேவாங்கு இங்கே வாழ்வதாகப் பதிவு உண்டு. பறவை இனங்கள் மட்டும் ஏறத்தாழ 250. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களையும் சேர்த்து 193 ஹெக்டேர் பரப்பை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

மொட்டைப் பாறை என்று நாம் கடந்துபோகும் இடத்தில் இத்தனை உயிர்கள் எப்படித் தங்கின? பாறையில் விழும் மழைநீர் வழிந்து சுனைகளிலும் ஊற்றுகளிலும் சேர்கிறது. சரிவுக்குக் கீழே கண்மாய்கள் வரிசையாக அதை வாங்கிக்கொள்கின்றன. கோடையிலும் ஈரம் இருக்கும் இடத்தை நோக்கிப் பூச்சியும் தவளையும் வரும். அவற்றைத் தேடிப் பறவை வரும். ஆட்டுக்குட்டிகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் இதையே தன் மொழியில் சொன்னார்: "மலைல பேஞ்ச மழைதேன் தம்பி கம்மாய்க்கு வருது. மலைய வெட்டிப்புட்டா கம்மாய் எங்குட்டு நெறையும்?"

அவர் சும்மா சொல்லவில்லை. மேலூர் வட்டாரத்தில் கிரானைட்டுக்காகக் குன்றுகள் அறுக்கப்பட்டதைப் பார்த்த தலைமுறை அவருடையது. 2024 நவம்பரில் இந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு வெளியானபோது ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. காகிதத்தில் பாதுகாக்கப்பட்ட மலையைக் கடைசியில் காப்பாற்றியது சுற்றியிருந்த மக்கள்தான். இந்தப் பயணத்தில் கடைசிவரை இந்த உண்மை எனக்குத் துணையாக வந்தது.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரயில் மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று வைகையின் போக்கிலேயே போகிறது. ஆறு மெலிந்துகொண்டே வந்து ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிச்சம் இருந்தால் ஆற்றங்கரையில் பாக் விரிகுடாவைத் தொடும். சன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டியவரை சீமைக் கருவேலம். வேலிக்காத்தான் என்று ஊர்களில் சொல்லும் இந்த முள்மரம் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. விறகுக்கும் கரிக்கும் உதவியது; ஏழைக் குடும்பங்களுக்கு வருமானமும் தந்தது. ஆனால் கண்மாய் உள்வாயையும் மேய்ச்சல் தரையையும் விழுங்கிவிட்டது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிடும் அளவுக்குப் போனது. கடலைத் தாண்டி மன்னார் வளைகுடாத் தீவுகளிலும் இந்த மரம் வேரூன்றியிருக்கிறது. தரையில் நாம் செய்தது தீவின் கரையில் போய் நின்றுவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மண்டபத்தில் நிலம் முடிகிறது. பழைய பாம்பன் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. அதன் பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலத்தில் ரயில் கடலைக் கடக்கிறது. இடப்புறம் பாக் விரிகுடா, வலப்புறம் மன்னார் வளைகுடா. பயணிகள் எல்லாரும் சன்னலுக்கு ஓடும் இந்தச் சில நிமிடங்களில், தண்ணீருக்கு அடியில் இருக்கும் நிலத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது உலகக் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. அன்று இங்கே கடல் இல்லை, சமவெளி இருந்தது. ராமநாதபுரத்திலிருந்து மன்னாருக்கு யானைக் கூட்டம் நடந்தே போயிருக்க முடியும். பனி உருகி, கடல் ஏறி, இலங்கை கடைசியாகத் துண்டானது பத்தாயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்ட கதை.

அந்தத் தரைவழியின் தடயங்கள் இரு கரையிலும் உண்டு. அழகர் மலைத் தேவாங்கின் இனமே இலங்கையின் காடுகளிலும் வாழ்கிறது. சிறுத்தையும் கரடியும் இரு பக்கமும் இருக்கின்றன. இலங்கையின் ரத்தினபுரி ஆற்றுப் படிவுகளில் காண்டாமிருகம், நீர்யானை, சிங்கம் ஆகியவற்றின் புதைபடிவங்களை இலங்கைத் தொல்லுயிரியலாளர் தெரணியகல கண்டெடுத்தார். இன்று அந்த விலங்குகள் எதுவும் அத்தீவில் இல்லை. காட்டெருதும் இல்லை. ஆனால் கண்டி அரசில் பதினேழாம் நூற்றாண்டில் சிறையிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681-இல் வெளியிட்ட நூலில் அதைக் குறிப்பிடுகிறார் என்பதால், அது மறைந்து நீண்ட காலம் ஆகவில்லை என்று தெரிகிறது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொரு செய்தி. 2004-இல் சயன்ஸ் இதழில் ஃபிராங்கி பொசுயட் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தவளைகள், நன்னீர் நண்டுகள், மண்ணுக்குள் வாழும் பாம்புகள் போன்றவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, இலங்கையின் மழைக்காட்டு இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் இனங்களிலிருந்து வெகுகாலமாகவே பிரிந்து வளர்ந்தவை என்று தெரிந்தது. பனியுகங்களில் இரண்டு நிலங்களும் பலமுறை இணைந்திருந்தும் அவை பெரிதாகக் கலக்கவில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். நடுவில் இருந்த சமவெளி வறண்டது. ஈரத்தோல் கொண்ட தவளைக்கு வறண்ட வெளியும் உப்புக்கடலும் ஒன்றே. வறண்ட காட்டுக்குப் பழகிய தேவாங்கின் முன்னோர் கடந்துபோன அதே வழியில் மழைக்காட்டுத் தவளையால் போக முடியவில்லை.

அப்படியானால் ஒரு தீவின் எல்லையை அலை மட்டும் வகுப்பதில்லை. கடக்க முடியாத எதுவும் அந்த உயிருக்குக் கடல்தான். ஒவ்வோர் உயிருக்கும் அதன் கடல் வேறு. இது விளங்கிய பிறகு, மேலூர் நான்கு வழிச்சாலையைத் தேவாங்கின் பக்கத்திலிருந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பாம்பனில் இறங்கி வடகரையோரம் நடந்தால் கடல் மட்டத்துக்கு மேலே பவளப்பாறை தெரியும். காலடியில் கரடுமுரடான சாம்பல் நிறக் கல். குனிந்து பார்த்தால் மூளையின் மடிப்புப் போன்ற பவளக் கூடுகள் அப்படியே உறைந்திருக்கின்றன. தண்ணீரில் மட்டுமே வளரக்கூடியது கரையில் நிற்கிறது. டேவிட் ஸ்டோடார்ட்டும் கோபிநாத பிள்ளையும் 1972-இல் ராமநாதபுரத்தின் இந்த உயர்ந்த பாறைகளைப் பற்றி எழுதினார்கள். இவற்றின் வயது ஏறத்தாழ 4,000 ஆண்டுகள். பனியுகம் முடிந்து ஏறிவந்த கடல், ஒரு கட்டத்தில் இன்றைய மட்டத்தையும் சற்றுத் தாண்டி நின்றுவிட்டுப் பின்வாங்கியிருக்கிறது. ஏறியபோது பவளம் கூடவே வளர்ந்தது. இறங்கியபோது கரையில் செத்தது. தாழ்ந்த நீரில் புதிய பவளம் தொடங்கியது. கடலின் போக்குக்குத் தன் போக்கை மாற்றிக்கொள்ள அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன.

உலகத் தீவுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் இதே பாடம் கிடைக்கிறது. 2016-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, பூக்கும் தாவரங்களை வைத்து இதைக் காட்டியது. வேறெங்கும் இல்லாத இனங்கள் இன்று எந்தத் தீவில் அதிகம் என்பதில், அந்தத் தீவு பனியுகத்தில் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கும் பங்கு உண்டு. சுருங்கிப்போன நிலத்தின் நினைவை அதன் செடிகள் இன்னும் சுமக்கின்றன.

குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு குந்துகாலிலிருந்து போகிறது. 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை அது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகள். மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு கூட்டங்கள். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. பவளத்தின்மேல் அலை கொண்டுவந்து குவித்த மணலும் பவளச் சில்லுகளுமே இந்தத் தீவுகள். பெரியதான முயல் தீவே 129 ஹெக்டேர்தான். இவற்றைக் கடலுக்குமேல் நிறுத்தி வைத்திருப்பது சுற்றியுள்ள உயிருள்ள பவளம். அது அலையின் வேகத்தை உடைக்கிறது, மணலையும் தருகிறது.

படகு ஆழம் குறைந்த நீரில் மெதுவாகப் போகும்போது கீழே கடற்புல் படுகை தெரிகிறது. ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடற்பசுவுக்கு அதுதான் மேய்ச்சல் நிலம். கடற்பசுவுக்கான இந்தியாவின் முதல் காப்பகத்தை 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் தமிழ்நாடு அறிவித்தது. குருசடையில் இறங்கினால் அலையாத்தி மரங்களும் பவளச் சில்லு படிந்த கரையும் வரவேற்கின்றன. முதுகெலும்பு உள்ளவற்றுக்கும் இல்லாதவற்றுக்கும் இடைப்பட்ட உறவைச் சொல்லும் பலனோகிளாசஸ் என்ற புழு இந்த மணலில் வாழ்கிறது. விலங்கியல் படித்தவர்களுக்கு இந்தத் தீவின் பெயர் அதனோடு சேர்ந்தே நினைவில் இருக்கும். 1927-இலேயே சென்னை அருங்காட்சியகம் குருசடைக் கரையின் உயிரினங்களுக்கென்று தனித் தொகுதி வெளியிட்டது. நூறாண்டுப் பதிவு இருப்பதால்தான் எதை இழந்தோம் என்று இன்று சொல்ல முடிகிறது.

இந்த நீரில் இன்னொரு விருந்தாளியும் உண்டு. பிலிப்பைன்ஸ் கடலுக்கு உரிய கப்பாபைகஸ் என்ற பாசியை 1990-களில் மண்டபத்தில் வளர்க்கத் தொடங்கினார்கள். ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் காரகீனன் அதிலிருந்து கிடைக்கிறது. ஒரு குளிர்பான நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால் ஊரில் அதற்குப் பெப்சி பாசி என்றே பெயர். கட்டுமரக் கூலியும் இல்லாத பல பெண்களின் கையில் அது பணத்தைத் தந்தது; அதை மறுக்க முடியாது. ஆனால் மிதவையிலிருந்து அறுந்த துண்டுகள் குருசடைக்கு வந்து பவளத்தின்மேல் போர்வையாகப் படர்ந்தன. வெளிச்சம் கிடைக்காமல் அடியிலிருந்த பவளம் இறந்தது. 2008-இல் கரன்ட் சயன்ஸ் இதழில் இதை வெளிப்படுத்திய குழுவில் மதுரைத் தாவரவியலாளர்கள் இருந்தார்கள். இன்று வனத்துறை ஆட்களை வைத்துக் கையாலேயே பிய்த்து அகற்றுகிறது. ஒரு துண்டு மிஞ்சினாலும் மறுபடி துளிர்க்கிறது.

பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்கள் இயற்கையாக வளரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்துப் பிழைப்பவர்கள். தேசியப் பூங்கா வந்தபிறகு அவர்களுடைய பழைய தொழில் விதிமீறல் ஆனது. அவர்கள் ஓடி ஒளியவில்லை. மாதத்தில் எத்தனை நாள் போவது, இனப்பெருக்க காலத்தில் எப்போது நிறுத்துவது என்று தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். அவர்களை ஒருங்கிணைத்த லட்சுமிக்கு 2015-இல் தீவுப் பாதுகாப்புக்கான சீகாலஜி பரிசு கிடைத்தது. கரையில் பாசி உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "அடியோட புடுங்கினா அடுத்த வருசம் என்னத்த எடுக்குறது? நுனியத்தான் கிள்ளணும். எங்க அம்மா சொல்லிக் குடுத்தது" என்றார். அரிட்டாபட்டிப் பெரியவர் மலையைப் பற்றிச் சொன்னதும் இவர் கடலைப் பற்றிச் சொன்னதும் ஒரே அறிவின் இரண்டு முகங்கள். தீவைக் காக்கும் திட்டம் எதுவானாலும் இந்த அறிவை எதிரியாக நிறுத்திவிட்டு வெல்ல முடியாது.

பாம்பனிலிருந்து தூத்துக்குடிவரை கடற்கரையை ஒட்டியே போனேன். தூத்துக்குடிக்கும் தெற்கே இருக்கிறது கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. தாமிரபரணி மண் கொண்டுவந்து கடலைத் தள்ளிவிட்டது. கரை நகர்வது இயற்கை என்று அங்கே நின்று சொல்லலாம். தூத்துக்குடியில் அதைச் சொல்ல முடியாது.

தூத்துக்குடிக்கு எதிரே நான்கு தீவுகள் இருந்தன: வான், காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி. விலாங்குசல்லி இப்போது தண்ணீருக்குள். கீழக்கரைக் கூட்டத்தில் பூவரசன்பட்டியும் அப்படியே மூழ்கிவிட்டது. கடல் மட்டம் ஏறியதை மட்டும் காரணமாகச் சொல்லி ஒதுங்க முடியாது. பல பத்தாண்டுகள் பவளத்தை உடைத்துப் படகில் ஏற்றினோம். சுண்ணாம்புக்கும் வீட்டுச் சுவருக்கும் ஆலைகளுக்கும் அது போனது. தனுஷ்கோடியில் 1964 புயல் மிச்சம்வைத்த தேவாலயச் சுவரில் இன்றும் அந்தக் கல்லைப் பார்க்கலாம். வளைகுடாவில் இருந்த ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் பவளப் பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் இப்படிச் சிதைந்தது என்று தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம் கணித்திருக்கிறது. 2001-இல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது. 2005 வாக்கில் வெட்டுவது நின்றது. அரண் போன பிறகு அலை தீவின் மணலையே அரித்தது. 1970-களில் 15 ஹெக்டேருக்கு மேல் இருந்த வான் தீவு, 2015-இல் இரண்டு ஹெக்டேருக்கும் கீழே சுருங்கியது.

அதோடு கடல் சூடாகிறது. 2016 கோடையில் வளைகுடாவின் பவளங்கள் வெளிறின. பவளத்துக்கு உணவூட்டும் நுண்பாசிகள் வெப்பம் தாங்காமல் வெளியேறினால் அது வெள்ளையாகிவிடும். வெப்பம் நீடித்தால் இறந்துவிடும். அதற்கு முந்தைய ஆண்டு 39 விழுக்காட்டை நெருங்கியிருந்த உயிருள்ள பவளப் பரப்பு, 23 விழுக்காடு அளவுக்கு விழுந்தது. பாம்பன் கரையில் நான் தொட்ட பழைய பவளமும் கடல் மாறியதால்தான் செத்தது. ஆனால் அதன் வாரிசுகள் அருகிலேயே வேறிடம் பிடித்தன. இன்று மாற்றம் சில பத்தாண்டுகளில் வருகிறது. வேறிடமாக இருந்திருக்க வேண்டியதை நாம் உடைத்து விற்றுவிட்டோம். பழைய மாற்றத்துக்கும் நம்முடையதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அது உயிர்களுக்குக் காலமும் வழியும் விட்டது. நாம் இரண்டையும் பறிக்கிறோம்.

தமிழர் குடியேறி வாழும் மொரிசியஸ் இந்தப் பறிப்பின் பெரிய உதாரணம். 1598-இல் டச்சுக்காரர் வந்து இறங்கிய அந்தத் தீவில், அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ பறவை இல்லாமல் போனது. வேட்டையோடு, கப்பலில் வந்த எலியும் பன்றியும் குரங்கும் சேர்ந்து முடித்தன. அதே தீவில்தான் 1974-இல் காட்டில் நான்கே நான்கு என்று அறியப்பட்ட மொரிசியஸ் சிறுவல்லூறு, மனிதர் கூடு வைத்து, குஞ்சு வளர்த்து விட்டதால் நூற்றுக்கணக்காகப் பெருகியது. அழித்த கையால் காக்கவும் முடியும்.

வான் தீவிலும் அது நடக்கிறது. சென்னை ஐஐடி வடிவமைப்பில், துளைகள் உள்ள கான்கிரீட் கட்டமைப்புகளை 2015 முதல் தீவைச் சுற்றிக் கடலடியில் வரிசையாக இறக்கினார்கள். அலை அதில் மோதித் தணிகிறது. மணல் மறுபடி தங்குகிறது. மீன்கள் துளைகளில் குடியேறுகின்றன. அரிப்பு நின்று தீவு கொஞ்சமாவது விரிந்திருக்கிறது. அடுத்து காரைச்சல்லிக்கும் இதே முறையில் தமிழ்நாடு அரசு பணி எடுத்திருக்கிறது. நன்றியோடு சொல்ல வேண்டிய வேலை இது. ஆனாலும் கான்கிரீட் வளராது, கடல் ஏறினால் தானாக உயராது. உயிருள்ள பவளம் திரும்ப வரும்வரை தாங்கிப்பிடிக்கும் முட்டு அது, அவ்வளவே.

எனவே கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. பவளம் மீள்வதற்குக் காலம் வேண்டும்: கழிவுநீரும் சுருக்குமடியும் அதைத் தொந்தரவு செய்யாத காலம். அயல் இனம் எதையும் பிழைப்பு என்ற பெயரில் தீவுக்கு அருகே கொண்டுவரும் முன் ஆராய்ந்து பார்க்கும் பொறுமை வேண்டும். பாசி எடுப்பவர்களையும் மீனவர்களையும் முடிவெடுக்கும் மேசையில் உட்கார வைக்க வேண்டும். மதுரைச் சமவெளியில் வழி வேண்டும்: அழகர் மலையிலிருந்து அரிட்டாபட்டிக்கும் சிறுமலைக்கும் ஓடைக்கரைகளிலும் கண்மாய்க்கரைகளிலும் மரங்கள் தொடர்ந்து நிற்கும் வழி. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்குச் சரணாலயம் 2022-இல் அமைந்துவிட்டது. அதைத் தனித் தீவாக விட்டுவிடாமல் பக்கத்து மலைகளோடு இணைப்பது நம் தலைமுறையின் வேலை. ஆனையூர்க் கண்மாய்க்கரையில் நடும் ஒரு நாட்டு மரமும் அந்த வழியில் ஒரு படிக்கட்டு. கடலைப் பின்வாங்கச் சொல்ல நம்மால் முடியாது. நாமே உண்டாக்கிய கடல்களை வற்றச்செய்ய முடியும். அரிட்டாபட்டியும் சின்னப்பாலமும் அதைச் செய்து காட்டிவிட்டன.